கையால் வரைந்த படம், கணினியில் வண்ணம்: எந்தக் கோளாறு எங்கே பிறக்கிறது, எப்படிச் சரிசெய்வது

தாளில் மையால் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் தீட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வண்ணத்தைப் பற்றித்தான் இருக்கும். பக்கெட்டால் (மூடிய பகுதியை ஒரே சொடுக்கில் நிரப்பும் கருவி) ஊற்றினால் வழிகிறது, கோட்டோரம் வெள்ளையாக நிற்கிறது, மஞ்சள் அழுக்காகத் தெரிகிறது என்பார்கள். விடையோ முக்கால்வாசி நேரம் ஸ்கேனில் இருக்கும், அல்லது கோட்டின் ஓரத்தில் இருக்கும். அதனால் கோளாறு கண்ணில் படும் விதத்தையே தலைப்பாக வைத்து, அது பிறந்த இடத்துக்குப் பின்னோக்கிப் போகும்படி இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது ஏ4 தாள், கறுப்பு மை, வீட்டில் வைக்கும் சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர், கிரிட்டா அல்லது கிம்ப். இரண்டு மென்பொருளும் இலவசம். வண்ணம் தீட்டுவதற்கென்றே ஒன்றைக் கற்கப் போகிறீர்கள் என்றால் கிரிட்டாவைச் சொல்வேன். ஃபோட்டோஷாப், கிளிப் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு வழி வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கோட்டின் ஓரத்தைப் பாருங்கள்

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கிரேஸ்கேலாக (நிறமில்லாமல் கறுப்பு, சாம்பல், வெள்ளையாக) ஸ்கேன் செய்த படத்தைத் திறந்து, ஏதாவது ஒரு கோட்டை 800 சதவீதம் பெரிதாக்குங்கள். நிறம் எடுக்கும் கருவியால் தாளிலிருந்து மையை நோக்கி ஒவ்வொரு பிக்சலாகத் தொட்டுக்கொண்டே போங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற கணக்கில் 238, 236, 190, 110, 48, 30, 28 என்பது போல எண்கள் வரும். முதல் இரண்டும் தாள். கடைசி இரண்டும் மை. நடுவில் உள்ள மூன்றும் தாளிலும் சேராத, மையிலும் சேராத சாம்பல்.

கோடு வழவழப்பாகத் தெரிவது இந்தச் சாம்பலால்தான். பக்கெட் குழம்புவதும், வெள்ளை விளிம்பு நிற்பதும் இதே சாம்பலால்தான். கோட்டுக்கு இந்த ஓரம் வேண்டும். அடியில் ஊற்றும் வண்ணத்துக்கு வேண்டாம். கீழே சொல்லும் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

கோடு படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டுப்பட்டிருக்கிறது

ஸ்கேனர் மென்பொருளில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’, ‘டெக்ஸ்ட்’, ‘லைன் ஆர்ட்’ என்ற பெயர்களில் ஒரு தேர்வு இருக்கும். கறுப்புக் கோடுதானே என்று அதைத் தேர்ந்தால், ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்று மட்டுமே எழுதும். மேலே பார்த்த சாம்பல் மூன்றும் போய்விடும். ஒருமுறை போனது திரும்பாது, ‘ஸ்மூத்’ ஃபில்டர் போட்டாலும் கோட்டின் உயிர் போய்விடும். மறுபடி ஸ்கேன் செய்வதே வழி: கிரேஸ்கேல், 600 டிபிஐ. கறுப்பு வெள்ளையாகவே அச்சுக்குப் போகும் கோட்டோவியத்துக்கு மட்டும் அந்த ஒரு பிட் முறை பொருந்தும். அதற்கும் 1200 டிபிஐ தேவை.

கிரேஸ்கேலில் எடுத்தும் படிக்கட்டு வருகிறதா? இரண்டு காரணங்கள் இருக்கலாம். படத்தைச் சிறிதாக்கியபோது ‘நியரஸ்ட் நெய்பர்’ முறை தேர்வாகியிருக்கலாம். அதை பைக்யூபிக் அல்லது லாங்சோஸ் என்று மாற்றுங்கள். அல்லது லெவல்ஸில் (எது முழுக் கறுப்பு, எது முழு வெள்ளை என்பதை முனைகளை நகர்த்தித் தீர்மானிக்கும் கருவி) கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். கோடு பளிச்சென்று ஆக வேண்டும் என்ற ஆசையில் பலரும் செய்வது இது. லெவல்ஸ் முடிந்த பிறகும் ஓரத்தில் ஒன்றிரண்டு சாம்பல் பிக்சலாவது மிஞ்ச வேண்டும்.

படத்தில் ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருக்கிறது

விலை குறைந்த, மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் (கண்ணாடியை ஒட்டியே நகரும் உணரி) வகை. கேனன் லைடு வரிசையும் எப்சன் பெர்ஃபெக்ஷன் வி39-உம் அந்த வகைதான். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பொருளை இவை கூர்மையாகப் பிடிக்கும். தாள் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கத் தொடங்கிவிடும். எப்சன் வி600 போன்ற தடித்த சிசிடி (லென்ஸ் வழியாகப் பார்க்கும் உணரி) வகைக்கு இந்த விஷயத்தில் இடம் அதிகம்.

மை நிறைய இழுத்த தாள் அலை அலையாக நெளியும். வரைந்து நன்றாக உலர்ந்த பிறகு, மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். ஸ்கேன் செய்யும்போது மூடியின் மேலும் ஒரு கனம் வைக்கலாம். கண்ணாடி தாங்கும் அளவுக்குப் போதும், கையால் அழுத்த வேண்டாம். ஸ்கெட்ச் புத்தகமாக இருந்தால் நடுமடிப்போரம் மங்கலும் நிழலும் சேர்ந்தே வரும். அதை மென்பொருளில் முழுதாக மீட்க முடியாது. பிற்பாடு வண்ணம் தீட்டப்போகும் படங்களைத் தனித் தாளில் வரைவதே மேல்.

படம் முழுவதும் ஒரே சீராக மங்கலாக இருந்தால் டிபிஐ எண்ணைப் பாருங்கள். மென்பொருள் 9600, 19200 என்றெல்லாம் காட்டும். ஸ்கேனரின் நிஜமான ஆப்டிகல் அளவுக்கு மேல் உள்ளது அத்தனையும் இடையில் இட்டு நிரப்பியது. கோப்பு வீங்குமே தவிர விவரம் கூடாது.

பின்பக்கத்துப் படம் தெரிகிறது. குறுக்கே ஒரு நேர்கோடு. பொட்டுப் பொட்டாகத் தூசு

பின்பக்கம் தெரிந்தால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். மூடியின் வெள்ளையில் பட்டு வெளிச்சம் திரும்புவதால்தான் மறுபக்கம் ஊடுருவித் தெரிகிறது. தாள் சற்றுச் சாம்பலாக வரும், லெவல்ஸில் சரியாகிவிடும்.

மேலிருந்து கீழ்வரை விடாமல் ஒரு மெல்லிய நேர்கோடு ஓடினால், தாளைத் தானாக இழுக்கும் ஃபீடரில் போட்டு எடுத்திருப்பீர்கள். அங்குள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி அழுக்கு போதும். படங்களை ஃபீடரில் போடவே வேண்டாம்.

தூசுக்கு நூல் உதிராத துணி. துடைக்கும் திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும்.

தாள் வெள்ளையாக வரவில்லை. ஒரு மூலை இருட்டு

தாள் முழுவதும் ஒரே சீரான சாம்பல் என்றால் லெவல்ஸ் போதும். கிரிட்டாவில் ஃபில்டர் மெனுவில் அட்ஜஸ்ட் என்பதன் கீழ் இருக்கிறது, கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினாலும் வரும். கிம்பில் கலர்ஸ் மெனு. லெவல்ஸ் பெட்டி காட்டும் வரைபடத்தில் வலப்பக்கம் பெரிய மேடு ஒன்று தெரியும், அது தாள். இடப்பக்கம் சின்ன மேடு, அது மை. வெள்ளை முனையைத் தாள் மேட்டின் இடது அடிவாரத்துக்கு நகர்த்துங்கள். கறுப்பு முனையை மை மேட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் உள்ள மூன்றாவது முனையை வலப்பக்கம் தள்ளினால் கோடு தடிக்கும், இடப்பக்கம் தள்ளினால் மெலியும். நடுங்கும் மெல்லிய கோடுகள் காணாமல் போகிறதென்றால் வெள்ளை முனையைத் தொடாமல் இந்த நடு முனையை மட்டும் வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

ஒரு பக்கம் வெளிச்சமாகவும் ஒரு பக்கம் இருட்டாகவும் இருந்தால் லெவல்ஸால் ஆகாது. இருட்டைச் சரிசெய்தால் வெளிச்சப் பக்கத்துக் கோடு கரையும். போனில் படம் எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். படத்தின் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படப்பரப்பு) நகல் எடுங்கள். மேலிருக்கும் நகலை காஸியன் பிளர் வைத்துக் கோடே தெரியாத அளவுக்கு மங்கலாக்குங்கள், ஆரம் 100 பிக்சலுக்கு மேல் வேண்டும். பிறகு அந்த லேயரின் கலப்பு முறையை ‘டிவைடு’ என்று மாற்றுங்கள். வெளிச்ச ஏற்றத்தாழ்வு கண்முன்னால் மறைந்து தாள் சீராகும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு லெவல்ஸுக்குப் போகலாம். பெரிய முழுக்கறுப்புப் பகுதிகள் உள்ள படத்தில் இதைச் செய்தால் கறுப்பின் நடுப்பகுதி வெளுத்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த இடங்களைப் பிற்பாடு பிரஷ் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

போனில்தான் எடுக்க வேண்டும் என்றால், டாகுமென்ட் ஸ்கேன் செயலிகள் வேண்டாம். அவை எழுத்துக்கானவை, கோட்டின் சாம்பல் ஓரத்தை முதல் வேலையாக அழித்துவிடும். வெயில் நேராகப் படாத திண்ணையிலோ வாசலிலோ தாளைத் தரையில் வைத்து, சற்றுத் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். கிட்டே போனால் மூலைகள் வளையும், உங்கள் நிழலும் விழும்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்பவர்கள் நான்கு விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள்: 600 டிபிஐ, கிரேஸ்கேல், டிஃப் அல்லது பிஎன்ஜி, பென்டிரைவில் வேண்டும். சொல்லாவிட்டால் பெரும்பாலும் குறைந்த டிபிஐ-யில் ஒரு பிடிஎஃப்-தான் கைக்கு வரும்.

பென்சில் கோடு அழியாமல் நிற்கிறது, தாள் மஞ்சளாகிவிட்டது

சாதாரணப் பென்சிலின் சாம்பலும் மைக்கோட்டின் ஓரச் சாம்பலும் ஸ்கேனருக்கு ஒன்றுதான். லெவல்ஸில் பென்சிலைத் துரத்தினால் கோட்டின் ஓரமும் கூடவே போகும். மை நன்றாக உலர்ந்த பிறகு மென்மையான ரப்பரால் தாளிலேயே அழித்துவிடுங்கள். அழிக்கும்போது மை சற்று வெளுப்பதுண்டு, அதற்கு லெவல்ஸ் போதும்.

இளநீலப் பென்சிலால் வரைந்து மேலே மை ஏற்றுவது பழைய அச்சுத் தொழில் வழக்கம். அப்படிச் செய்கிறவர்கள் ரப்பரைத் தொடவே வேண்டாம். கலராக ஸ்கேன் செய்து, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்று சேனல்களையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்: கிம்பில் கலர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்ஸ், டீகம்போஸ், கிரிட்டாவில் இமேஜ் மெனுவில் செப்பரேட் இமேஜ். நீலச் சேனலில் நீலப் பென்சில் ஏறக்குறைய வெள்ளையாகிக் காணாமல் போயிருக்கும், கறுப்பு மை மட்டும் நிற்கும். அந்தச் சேனலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

மஞ்சளான பழைய தாள், டீக்கறை, சிவப்புப் பென்சில் ஆகியவற்றுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். அவை நீலச் சேனலில் கருத்தும் சிவப்புச் சேனலில் வெளுத்தும் தெரியும். தாத்தா காலத்துப் படங்களை மீட்பவர்களுக்குச் சிவப்புச் சேனல் மட்டுமே பாதி வேலையை முடித்துத் தரும். அதனால் பழைய தாள் எதுவானாலும் கிரேஸ்கேலில் எடுக்காமல் கலரிலேயே எடுத்து வையுங்கள்.

வண்ணம் எல்லாமே மங்கி, அழுக்குப் படிந்தது போலத் தெரிகிறது

கோட்டு லேயரை மேலே வைத்து ‘மல்டிப்ளை’ போட்டு, அடியில் வண்ணம் தீட்டுவது எல்லாரும் தொடங்கும் வழி. மல்டிப்ளையில் முழு வெள்ளை மட்டுமே கண்ணாடிபோல மறையும். தாள் 255 ஆகாமல் 240-இல் நின்றிருந்தால் அடியிலுள்ள எல்லா வண்ணமும் அந்த அளவுக்கு இருளும். தூசும் தாளின் நரம்பும் வண்ணத்தின் மேல் படியும்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதை நம்பாதீர்கள். கோட்டு லேயருக்கு அடியில் அடர்ந்த மஞ்சள் நிறத்தை முழுப் பரப்பிலும் ஊற்றி, மேலே ஒரு லெவல்ஸ் லேயரைத் தற்காலிகமாக வைத்து, அதன் கறுப்பு முனையை 200 வரை இழுத்துப் பாருங்கள். ஒளிந்திருந்த அழுக்கு எல்லாம் வெளியே வரும். வெள்ளை பிரஷால் துடைத்து முடித்தபின் அந்த லேயரை நீக்கிவிடலாம். அரை மணி நேர வேலைதான். வண்ணம் ஏற்றிய பிறகு செய்தால் நாள் முழுக்க ஆகும்.

கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு நிற்கிறது

எல்லாரையும் அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே முடிபோல ஒரு வெள்ளை ஓடும். சிறிதாக்கிப் பார்த்தால் படம் முழுக்கப் பூஞ்சை பூத்தது போல இருக்கும். இதற்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. எது என்று தெரிந்துகொள்ள, வண்ண லேயரை மறைத்துவிட்டுக் கோட்டு லேயருக்கு அடியில் கருஞ்சிவப்பை ஊற்றுங்கள்.

சிவப்பிலும் வெள்ளை விளிம்பு தெரிந்தால் கோளாறு கோட்டு லேயரில். தாளின் வெள்ளையை மேஜிக் வாண்டால் (ஒத்த நிறத்தை ஒரே சொடுக்கில் தேரும் கருவி) தேர்ந்து அழித்திருப்பீர்கள். அது 255-ஐயும் அதன் அக்கம்பக்கத்தையும் எடுத்துப்போகும். 190, 110 என்று இருந்த சாம்பல்கள் வெள்ளை கலந்த நிறத்தோடு அப்படியே மிஞ்சும். அடர்நிறத்தின் மேல் அவைதான் வெள்ளையாக மின்னுகின்றன. வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, சாம்பலை ஒளி ஊடுருவும் கறுப்பாக மாற்ற வேண்டும். 110 என்ற சாம்பல் பிக்சல், பாதிக்குச் சற்று மேல் அடர்த்தியுள்ள கறுப்பாகிவிட்டால் எந்த நிறத்தின் மேலும் பொருந்தும். கிரிட்டாவில் ஃபில்டர் மெனுவில் கலர்ஸ் என்பதன் கீழும், கிம்பில் கலர்ஸ் மெனுவிலும் உள்ள ‘கலர் டு ஆல்ஃபா’ இதைச் செய்யும். நிறமாக வெள்ளையைக் கொடுங்கள். கிளிப் ஸ்டுடியோவில் எடிட் மெனுவில் ‘கன்வர்ட் பிரைட்னஸ் டு ஒபாசிட்டி’. ஃபோட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகையில் ஆர்ஜிபி சேனலின் படத்தைக் கன்ட்ரோல் அழுத்திச் சொடுக்கி, தேர்வைத் தலைகீழாக்கி, புதிய லேயரில் கறுப்பை நிரப்புங்கள். லெவல்ஸ் முடித்துத் தாள் 255 ஆன பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் தாளின் சாம்பலும் மெல்லிய கறுப்புப் படலமாகப் படம் முழுவதும் நிற்கும்.

சிவப்பில் விளிம்பு தெரியாமல், உங்கள் வண்ண லேயரில் மட்டும் தெரிந்தால் கோளாறு பக்கெட்டில். பக்கெட் வெள்ளைப் பிக்சல்களை நிரப்பிக்கொண்டே போய், முதல் சாம்பலைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அது கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைய வேண்டும். கிரிட்டாவில் ஃபில் கருவியின் அமைப்புகளில் ‘குரோ’, கிளிப் ஸ்டுடியோவில் ‘ஏரியா ஸ்கேலிங்’, ஃபோட்டோஷாப்பில் தேர்வை ‘எக்ஸ்பாண்டு’ செய்வது எல்லாம் அதற்குத்தான்.

எவ்வளவு பிக்சல் என்பதைக் கோட்டின் தடிமனை வைத்துக் கணக்கிடுங்கள். பிக்மா மைக்ரான் 01 பேனாவின் கோடு 0.25 மில்லிமீட்டர், 600 டிபிஐ-யில் ஏறத்தாழ 6 பிக்சல், 300-இல் 3. வண்ணம் கோட்டின் நடுவரை போனால் போதும். ஆகவே 600-இல் 2 அல்லது 3, 300-இல் 1. அதற்கு மேல் கொடுத்தால் மெல்லிய கோடுகளைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இமை, விரல்நுனி போன்ற இடங்களில் அதை உடனே காணலாம்.

பக்கெட்டின் ஆன்டி அலையாஸிங்கையும் ஃபெதரிங்கையும் (ஓரத்தை வழவழப்பாக்கும் தேர்வுகள்) அணைத்துவிடுங்கள். அடிவண்ணத்தின் ஓரம் கோட்டுக்கு அடியில் மறைந்திருக்கப் போகிறது. அது வழவழப்பாக இருந்து யாருக்கும் பயனில்லை. ஓரம் கறாராக இருந்தால், பிற்பாடு ஒரு புடவையை மட்டும் தேர்ந்து நிறம் மாற்ற ஒரே சொடுக்குப் போதும், மிச்சம் மீதி ஒட்டாது.

பக்கெட்டில் ஊற்றினால் படம் முழுவதும் வழிகிறது

ஒரு பாட்டியின் கொண்டையை எண்ணிக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுத்த முடிக்கோடுகள், காதோரம் பிரிந்து பறக்கும் இரண்டு மயிரிழை, கழுத்தருகே பேனா எழும்பிய இடத்தில் ஓர் இடைவெளி. வரைந்தவருக்கு அந்த இடைவெளிதான் அழகு. கண் அதைத் தானாக மூடிக்கொள்ளும். பக்கெட் மூடிக்கொள்ளாது. ஒரே ஒரு பிக்சல் திறந்திருந்தாலும் கொண்டையின் வெள்ளை கழுத்து வழியாக வெளியேறி வானம் முழுவதும் பரவிவிடும்.

இடைவெளி எங்கே என்று தேடுவது முதல் வேலை. வழிந்த நிறத்தை உடனே அன்டூ செய்யாமல், எந்த வழியாக வெளியேறியிருக்கும் என்று கோட்டின் முனைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கோடுகள் சேரும் மூலையில் இருக்கும். கோடு சேர்ந்தே இருந்தும் வழிகிறதென்றால் பக்கெட்டின் த்ரெஷோல்டு (எவ்வளவு மாறுபட்ட நிறம்வரை ஒன்றாகக் கருதலாம் என்ற அளவு) மிக அதிகம். வெளிறிய கோட்டையும் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு தாண்டுகிறது. குறையுங்கள்.

இடைவெளியை அடைக்கக் கோட்டு லேயரில் கை வைக்காதீர்கள். அந்தத் திறப்பு உங்கள் படத்தின் ஒரு பகுதி. அதற்கு மேல் புதிய லேயர் ஒன்று திறந்து ‘அடைப்பு’ என்று பெயரிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் 2 பிக்சல் பிரஷால் எல்லாத் திறப்புகளையும் மூடுங்கள். பக்கெட்டை எல்லா லேயர்களையும் பார்க்கும்படி வைத்து, தனி வண்ண லேயரில் ஊற்றுங்கள். கடைசியில் அடைப்பு லேயரை மறைத்துவிட்டால் கோடு திறந்தபடியே இருக்கும், வண்ணம் மட்டும் உள்ளே நிற்கும். அடைப்புக் கோடு நின்ற இடத்தில் ஒரு கீற்று வெள்ளை மிஞ்சினால் பிரஷால் ஒரு தொடல்.

மென்பொருளே அடைக்கும் வழிகளும் உண்டு. கிளிப் ஸ்டுடியோவின் பக்கெட்டில் ‘குளோஸ் கேப்’ இருக்கிறது. கிம்பில் 2019-இல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து ‘லைன் ஆர்ட் டிடெக்ஷன்’ என்ற நிரப்பு முறை உண்டு. எவ்வளவு பெரிய இடைவெளி வரை மூடலாம் என்று எண் கொடுக்கலாம். கிரிட்டாவில் 2018-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ‘கலரைஸ் மாஸ்க்’: ஒவ்வொரு பகுதியிலும் அதன் நிறத்தில் ஒரு கீறல் போட்டால், கோடுகளைப் பார்த்து எல்லைகளைத் தானே ஊகித்து நிரப்பும். மூடிய வடிவங்கள் குறைவாகவும் பிரஷ் வீச்சு அதிகமாகவும் உள்ள படங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். பெரிய கோப்பில் மெதுவாகும்.

வேப்பங்கிளை, புல், கோழியின் சிறகு என்று கோடுகள் மூடவே மூடாத இடங்களில் பக்கெட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். லாஸோ எடுத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக வெளிவடிவத்தை வளைத்து நிரப்புங்கள். காமிக்ஸ் தொழிலில் அடிவண்ணம் மட்டும் போட்டுத் தருபவர்கள் பலரும் லாஸோவை வைத்தே முழுப் பக்கத்தையும் முடிக்கிறார்கள். கை பழகிவிட்டால் பக்கெட்டைவிட வேகம்.

ஊற்றிய பிறகு உள்ளே பொட்டுப் பொட்டாக வெள்ளை

கோட்டுக்கு அருகில் மட்டும் பொட்டுகள் கூட்டமாக இருந்தால் கோப்பு ஜேபெக்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். கறுப்புக் கோடு ஓடும் கட்டங்களில் கோட்டைச் சுற்றி அலையடித்தது போலச் சாம்பல் சிதறும். தாள் முழுவதும் சீராகப் பொட்டு இருந்தால் அது தாளின் நெசவு. இரண்டுக்கும் த்ரெஷோல்டைக் கூட்டுவது ஒட்டுவேலைதான். முன்னதற்கு டிஃப் அல்லது பிஎன்ஜி-யில் மறு ஸ்கேன். பின்னதற்கு லெவல்ஸின் வெள்ளை முனையை இன்னும் சற்று இடப்பக்கம் கொண்டுவருவது.

நிழல் போடும்போது நிறம் எல்லை தாண்டுகிறது

அடிவண்ண லேயரில் ஆல்ஃபாவை (ஒளி ஊடுருவும் அளவை) பூட்டுங்கள். அல்லது நிழலைத் தனி லேயரில் போட்டு, அடிவண்ணம் உள்ள இடத்தில் மட்டும் தெரியும்படி அதனோடு கிளிப்பிங் செய்யுங்கள். கிரிட்டாவில் இரண்டையும் ஒரே குரூப்பில் வைத்து மேல் லேயரில் ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’வை அழுத்த வேண்டும். குரூப்பில் வைக்க மறந்தால், படத்தின் அடித்தள வெள்ளை லேயரும் கணக்கில் சேர்ந்து எதுவும் கட்டுப்படாது.

கணினி திணறுகிறது

600 டிபிஐ ஏ4 என்றால் 4960-க்கு 7016 பிக்சல். ஒளி ஊடுருவும் 8 பிட் வண்ண லேயர் ஒன்று முழுதாக நிரம்பினால் சுமார் 139 எம்பி நினைவகம் கேட்கும். பத்து லேயர் வைத்தால் கணக்கு உங்களுக்கே தெரியும். 16 பிட்டில் இரட்டிப்பு. லெவல்ஸும் தூசு துடைப்பதும் 600-இல் முடித்து, அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, வண்ணத்துக்கு 300 அல்லது 400 டிபிஐ நகலில் இறங்குங்கள். புத்தகத்தில் அதே அளவில் அச்சாகும் வண்ணப் படத்துக்கு 300 போதும்.

ஏ3 படத்தை இரண்டாக எடுத்தேன், ஒட்டும் இடம் தெரிகிறது

நிறம் பொருந்தாவிட்டால் ஸ்கேனர் ஒவ்வொரு பாதிக்கும் வெளிச்சத்தைத் தானே தீர்மானித்திருக்கிறது. ‘ஆட்டோ’ என்று தொடங்கும் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு இரண்டையும் ஒரே அமைப்பில் எடுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். மேல் லேயரை ‘டிஃபரன்ஸ்’ முறையில் வைத்து நகர்த்துங்கள். சரியாகப் பொருந்தும் இடத்தில் ஒட்டுப்பகுதி முழுக் கறுப்பாகிவிடும். ஒட்டும் விளிம்பை நேராக வெட்டாமல், ஒரு கோட்டின் வழியாகவே வளைத்துக்கொண்டு போய் அழியுங்கள்.

போனில் பார்த்தால் நிறம் வேறு, அனுப்பினால் மங்கல்

முதலில் உங்கள் கணினியின் இரவு வெளிச்ச முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது போட்டிருக்கும்போது தேர்ந்தெடுத்த நிறம் எல்லாம் மறுநாள் நீலம் பாய்ந்து தெரியும். பிறகு, ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற அளவை) புரொஃபைலுக்கு மாற்றி அதைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

அச்சில் வந்தபோது நிறம் செத்துவிட்டது. கோட்டின் அருகே வண்ண நிழல் தெரிகிறது

திரையின் பச்சை, மின்னும் நீலம், தீப்போன்ற ஆரஞ்சு மூன்றும் அச்சின் நான்கு மைகளால் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு; சுருக்கமாக சிஎம்ஒய்கே) எட்ட முடியாதவை. வண்ணம் தேர்வதற்கு முன்பே சாஃப்ட் புரூஃபை (அச்சில் வரும் நிறத்தைத் திரையில் காட்டும் முறை) இயக்கி வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அச்சகத்தின் புரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஆர்ட் பேப்பரில் ஓரளவு நிற்கும் நிறம் மேப்லித்தோவில் (பூச்சில்லாத தாள்) ஊறிவிடும். மையின் புள்ளி பெருத்து, நடுத்தர நிழல்கள் திரையில் இருந்ததைவிட இருளும். மேப்லித்தோவில் அச்சாகும் சிறுவர் புத்தகத்துக்கு நிழலை நீங்கள் நினைத்ததைவிட வெளிச்சமாகவே வைக்க வேண்டும். நியூஸ்பிரின்ட் இன்னும் குறைவாகவே தாங்கும். நான்கு மைகளின் கூட்டுத்தொகை அங்கே 240 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

கோட்டின் அருகே நீலமாகவோ சிவப்பாகவோ இரட்டை நிழல் விழுவது வேறு கோளாறு. ஆர்ஜிபி கோப்பில் கறுப்பு என்பது 0, 0, 0. அதை மொத்தமாக சிஎம்ஒய்கே ஆக்கினால் கோடும் நான்கு மையாகப் பிரியும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான ஸ்வாப் (அமெரிக்க அச்சுத் தரம்) புரொஃபைலில் சி 75, எம் 68, ஒய் 67, கே 90. நான்கு மைகளின் அச்சுத் தட்டுகள் மயிரிழை பிசகினாலும் மெல்லிய கோடு நான்காகத் தெரியும். எந்த அச்சகமானாலும் அந்த அளவு பிசகு வரத்தான் செய்யும். ஆகவே கோட்டையும் வண்ணத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள். கோட்டு லேயரை விலக்கிவிட்டு அடிவண்ணத்தையும் நிழலையும் மட்டும் சிஎம்ஒய்கே ஆக்குங்கள். அந்தக் கோப்பில் கே 100, மற்ற மூன்றும் 0 என்ற நிறத்தில் ஒரு லேயர் போட்டு, மல்டிப்ளை கொடுத்து, கோட்டை அதன் மாஸ்க்காக வையுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம்தான் தெரியும் என்பதால் கோட்டுப் படத்தைத் தலைகீழாக்கி ஒட்ட வேண்டும்.

அடிவண்ணத்தைக் கோட்டின் நடுவரை நுழைத்து வைத்தது இங்கேயும் உதவும். தட்டு கொஞ்சம் விலகினாலும் கறுப்புக்கு அடியில் வண்ணம் இருப்பதால் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்காது. அனுப்புவதற்கு முன் லேயர்களை ஒன்றாக்கிய நகலில் கே சேனலை மட்டும் அணைத்துப் பாருங்கள். கோடே தெரியாமல் வண்ணத் திட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு கே-யை மட்டும் விட்டு மற்ற மூன்றையும் அணைத்தால் நீங்கள் பேனாவால் இழுத்த கோடு முழுதாக அங்கே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கோப்பை அனுப்பலாம்.